மூன்றாவது நோட் கிளஸ்டரில் சேராமல் நின்றால் எங்கே பார்ப்பது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இலங்கையின் ஹட்டனிலிருந்து தோட்டங்களுக்குக் கொழுந்து நிறை, சம்பளப் பட்டியல் மென்பொருளைக் கொடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மைக்ரோசொஃப்ட்டின் கிளவுடான அஷூரில், புனே வட்டாரத்தில், இரண்டு நோட் (சேர்வர்) கொண்ட விண்டோஸ் சேர்வர் 2019 ஃபெய்லோவர் கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் கூட்டு. அதன்மேல், தரவுத்தளத்தின் பிரதியை ஒவ்வொரு நோடிலும் வைக்கும் எஸ்கியூஎல் அவெய்லபிலிட்டி குரூப். மூன்றாவது விஎம் (மெய்நிகர் இயந்திரம்) ஒன்றை வேறு சப்நெட்டில் (நெட்வேர்க்கின் வேறொரு பகுதியில்) எழுப்பிச் சேர்க்கப் போனால், "நோட் முழுமையான உறுப்பினராகும் அறிவிப்புக்குக் காத்திருக்கிறது" என்ற வரியில் விசார்ட் நெடுநேரம் நிற்கிறது. பிறகு 1460 பிழையைக் காட்டிப் பின்வாங்குகிறது. பிங் போகிறது. புதிய நோடிலிருந்து பழைய நோடுகளுக்கு 135, 445, 3343 போர்ட்டுகள் மூன்றும் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷனில் சரி. மூன்று தடவை முயன்றாயிற்று, சம்பள நாளுக்கு முன் முடிய வேண்டும்.

அப்படியே நாலாவது தடவை முயலாதீர்கள். 1460 என்பது காரணம் அல்ல, "நேரம் கடந்துவிட்டது" என்று மட்டும் சொல்கிறது. உங்களுக்குப் பயன்படும் தகவல் அந்தப் பிழை இலக்கத்தில் இல்லை, விசார்ட் நின்ற வரியில் இருக்கிறது.

அந்த வரிவரை வந்துவிட்டது என்றால் என்ன பொருள்? புதிய விஎம்மில் உங்கள் கணக்குக்கு அட்மின் உரிமை இருக்கிறது, பெயர் டிஎன்எஸ்ஸில் கிடைக்கிறது, ஆர்பிசி (தொலைக் கட்டளை முறை) வழியாகக் கட்டளை போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே கிளஸ்டர் சேர்விஸ் தொடங்கியும் விட்டது. தொடங்கிய அந்தச் சேர்விஸ்தான் பழைய நோடுகளோடு கைகோர்க்க முடியாமல் நிற்கிறது. ஆகவே உரிமை, டொமைன், 445 என்று மறுபடி தோண்டுவது வீண்வேலை. மிச்சம் இருப்பவை நான்கு: யூடிபி முறையில் (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்புவது) 3343 போகாமல் இருப்பது, நோடுகளுக்கிடையே அடையாள உறுதிப்படுத்தல் தோற்பது, நகலெடுத்த விஎம், முந்திய முயற்சிகளின் எச்சம்.

எச்சத்தை முதலில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் சோதனை எதையும் நம்ப முடியாது. பழைய நோட் ஒன்றில் கெட்-கிளஸ்டர்நோட் ஓட்டுங்கள். மூன்றாவது பெயர் பட்டியலில் "டவுன்" என்றோ "ஜொய்னிங்" என்றோ தொங்கிக்கொண்டிருந்தால் ரிமூவ்-கிளஸ்டர்நோட் கொடுத்து வெளியேற்றுங்கள். பிறகு புதிய விஎம்மில் கிளியர்-கிளஸ்டர்நோட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்து ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பி வந்ததும் சேர்விஸ் பட்டியலில் கிளஸ்டர் சேர்விஸ் "டிஸேபிள்ட்" என்று இருக்க வேண்டும். எந்தக் கிளஸ்டரிலும் இல்லாத இயந்திரத்தில் அதுதான் சரியான நிலை. கிளியர் கட்டளைக்கு முன் ஹோஸ்ட்நேம் என்று அடித்து எந்த இயந்திரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்று ஆர்டிபி ஜன்னல்கள் ஒரே நிறத்தில் திறந்திருக்கும்போது தவறான ஜன்னலில் அதை அடித்தால், வேலை செய்துகொண்டிருந்த நோட் போய்விடும்.

அடுத்து லொக், அதாவது கிளஸ்டர் எழுதிவைக்கும் பதிவு. இதில் பலர் விடும் பிழை, பழைய நோடின் லொக்கை மட்டும் படிப்பது. சேர முயன்று தோற்றது புதிய நோட். கதை அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். விசார்ட் பின்வாங்கிய பிறகு புதிய நோடிலிருந்து லொக் எடுப்பது தொல்லை. ஆகவே அது அந்தக் காத்திருப்பு வரியில் நிற்கும்போதே, புதிய நோடில் இன்னொரு பவர்ஷெல் ஜன்னலைத் திறந்து கெட்-கிளஸ்டர்லொக் ஓட்டுங்கள். டைம்ஸ்பான் 15 என்று கொடுத்தால் கடைசி 15 நிமிடம் மட்டும் வரும். யூஸ்-லோக்கல்டைம் என்பதையும் மறக்காமல் சேருங்கள். இல்லாவிட்டால் லொக் யூடிசி நேரத்தில் வரும். நம் மணிக்கூடு அதைவிட 5.30 மணித்தியாலம் முந்தியது. இரவு 9 மணிக்கு நடந்த தோல்வியைப் பிற்பகல் 3.30 வரிகளில் தேட வேண்டியிருக்கும்.

லொக்கில் சதுர அடைப்புக்குள் ஜேபிஎம் என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். "முதலாம் நோடோடு இணைப்பு இல்லை, இன்னும் சேர முடியாது" என்ற பொருளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் பிரச்சினை பாதையில். 10060 என்ற இலக்கம் கூடவே வந்தால் எதிர்ப்பக்கம் பதிலே சொல்லவில்லை. எஸ்வி என்று தொடங்கும் வரியில் செக்யூரிட்டி ஹேண்ட்ஷேக் தோற்றது என்று இருந்தால் பாதை திறந்திருக்கிறது, அடையாளம்தான் ஏற்கப்படவில்லை. இவ்வளவு படிக்க நேரமில்லை என்றால் சிஸ்டம் ஈவென்ட் லொக்கைப் பாருங்கள்: 1572 இருந்தால் நோடுகளுக்கிடையே துடிப்புச் செய்தி ("உயிரோடு இருக்கிறேன்" என்று ஒன்றுக்கொன்று சொல்வது) போய்வரவில்லை, 1570 இருந்தால் அடையாள உறுதிப்படுத்தல் தோல்வி. இந்த இரண்டு இலக்கங்களே வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் என் ஊகம் 1572 பக்கம்தான். டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் டிசிபியை, அதாவது இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் முறையை, மட்டுமே சோதிக்கும். நோட் சேரும்போது டிசிபி 3343 தேவை, அதை நீங்கள் சரிபார்த்திருக்கிறீர்கள். ஆனால் துடிப்புச் செய்திகள் போவது யூடிபி 3343இல். அதை இந்தக் கட்டளை தொடவே இல்லை. பிங்கும் சாட்சி ஆகாது. பிங் போனாலும் யூடிபி அடைபட்டிருக்கலாம். விண்டோஸ் ஃபயர்வோல் பிங்கைத் தடுத்திருந்தாலும் மற்றதெல்லாம் திறந்திருக்கலாம். இன்னொன்று: பழைய நோடிலிருந்து புதிய நோடுக்கு டிசிபி 3343ஐச் சோதித்தால் தோற்கும், அது கோளாறு அல்ல. சேர்விஸ் ஓடாத இயந்திரத்தில் அந்தப் போர்ட்டைக் கேட்க யாரும் இல்லை.

யூடிபியை நிச்சயமாகப் பார்க்க ஒரே வழி பாக்கெட்டைப் பிடிப்பது. சேர்வர் 2019இல் பாக்கெட் பிடிக்கும் பிகேடிமொன் கருவி கூடவே வருகிறது, எதையும் நிறுவத் தேவையில்லை. பழைய நோட் ஒன்றிலும் புதிய நோடிலும் 3343க்கு ஃபில்டர் போட்டுத் தொடங்குங்கள். பிறகு நோடைச் சேர்க்கும் கட்டளையை ஓட்டி, காத்திருப்பு வரி வந்து ஒரு நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். ஒரு பக்கம் கிளம்பிய பாக்கெட் மறுபக்கம் வந்திருக்கவில்லை என்றால் நடுவில் இருப்பது அஷூரின் நெட்வேர்க் விதி அல்லது ரூட். வந்துசேர்ந்தும் பதில் இல்லை என்றால் அந்த இயந்திரத்தின் உள்ளேயே ஃபயர்வோல் விழுங்குகிறது. போர்ட்கியூரி என்ற கருவியையும் சிலர் சொல்வார்கள். யூடிபிக்கு அது "கேட்கிறது அல்லது தடுக்கப்பட்டிருக்கிறது" என்று இரண்டையும் ஒரே வாயால் சொல்லும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

நடுவில் தடை என்றால், அஷூரில் பார்க்க வேண்டியவை இவை. ஒரே விநெட்டுக்குள் (அஷூரில் நமக்கென அமைத்த நெட்வேர்க்) எல்லாப் போக்குவரத்தையும் அனுமதிக்கும் இயல்பு விதி ஒன்று 65000 என்ற வரிசை எண்ணில் உண்டு. அதனால்தான் பலருக்கு ஒன்றும் செய்யாமலே வேலை நடக்கிறது. நாமாக எழுதும் விதிகள் 100 முதல் 4096 வரை இருக்கும், சிறிய எண் முந்தும். யாராவது பாதுகாப்புக்காக 4096இல் "எல்லாவற்றையும் மறு" என்று ஒரு விதி போட்டிருந்தால் 65000க்கு வேலையே இல்லாமல் போய்விடும். அப்படிப் போட்டவர்கள் பழைய இரண்டு நோடுகளுக்கும் தனி அனுமதி எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் அப்ளிகேஷன் செக்யூரிட்டி குரூப் ஒன்றின் பெயரில். புதிய விஎம்மின் நெட்வேர்க் கார்டை அந்தக் குரூப்பில் சேர்க்க யாருக்கும் நினைவு இருந்திருக்காது. உங்கள் புதிய நோட் வேறு சப்நெட்டில் இருப்பதால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சப்நெட்டிலும் கார்டிலும் தனித்தனியாக விதித்தொகுப்பு இருந்தால் இரண்டும் அனுமதிக்க வேண்டும். நெட்வேர்க் வொட்சரில் உள்ள ஐபி ஃப்ளோ வெரிஃபை பகுதியில் யூடிபி என்று தேர்ந்து 3343ஐக் கொடுத்தால் எந்த விதி தடுக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். இரு திசைக்கும் செய்யுங்கள்.

அது சரி என்று சொல்லியும் பாக்கெட் வரவில்லை என்றால் எஃபெக்டிவ் ரூட் பட்டியலைத் திறவுங்கள். புதிய சப்நெட்டுக்கு மட்டும் ஒரு ரூட் டேபிள் மாட்டப்பட்டு, போக்குவரத்து ஒரு ஃபயர்வோல் இயந்திரம் வழியாகச் சுற்றிவரலாம். போகும் வழி அதனூடாக, திரும்பும் வழி நேராக என்று அமைந்தால், ஃபயர்வோல் பாதி உரையாடலை மட்டும் கண்டு மீதியை வெட்டிவிடும்.

இதையே ஏடபிள்யூஎஸ்ஸில், மும்பை வட்டாரத்தில், செய்பவர்களுக்கு: அங்கே எண்ணம் தலைகீழ். செக்யூரிட்டி குரூப்பில் அனுமதி எழுதாதவரை ஒரே குரூப்பில் உள்ள இரண்டு இயந்திரங்களும்கூட ஒன்றையொன்று அடைய முடியாது. குரூப்பைத் தன்னையே மூலமாகக் காட்டி ஒரு விதி எழுத வேண்டும், புதிய இயந்திரத்துக்கு அதே குரூப்பை மாட்ட வேண்டும். வேறு சப்நெட் என்றால் நெட்வேர்க் ஏசிஎல்லையும் (சப்நெட்டுக்கான அனுமதிப் பட்டியல்) பாருங்கள். அது திரும்பும் போக்குவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது, ஆகவே 49152 முதல் 65535 வரையான போர்ட்டுகளையும் திறந்துவைக்க வேண்டும். கிளஸ்டருக்கும் லிஸனருக்கும் (மென்பொருள் தரவுத்தளத்தை அடையும் பொதுப்பெயர்) வேண்டிய ஐபிகளை ஒவ்வொரு நோடின் கார்டிலும் இரண்டாம் நிலை முகவரிகளாக ஏடபிள்யூஎஸ் பக்கத்தில் எழுதவேண்டும், விண்டோஸுக்குள் அல்ல.

பாக்கெட் புதிய நோடுக்குள் வந்து மறைகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் குரூப் பொலிசி. ஃபெய்லோவர் கிளஸ்டரிங் வசதியை நிறுவும்போது அதற்கான ஃபயர்வோல் விதிகள் தாமாகவே வருகின்றன, பட்டியலில் பச்சையாகவும் தெரிகின்றன. ஆனால் "உள்ளூர் விதிகளைச் சேர்க்காதே" என்று ஒரு பொலிசி வந்தால், பச்சையாகத் தெரியும் அந்த விதிகள் வெறும் படம். கெட்-நெட்ஃபயர்வோல்புரொஃபைல் கட்டளையை ஆக்டிவ்ஸ்டோர் என்ற பொலிசி ஸ்டோரோடு ஓட்டி, அலவ்-லோக்கல்ஃபயர்வோல்ரூல்ஸ் என்ற வரியைப் பாருங்கள். "ஃபோல்ஸ்" என்றால் விதிகளை அந்தப் பொலிசிக்குள்ளேயே எழுத வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளின் நெட்வேர்க் ஃபில்டரும் இதே சேட்டையைச் செய்யும். அதை "நிறுத்தி"ப் பார்ப்பது போதாது, ஃபில்டர் டிரைவர் ஏறியபடியே இருக்கும். கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இனி 1570 பக்கம். கிளஸ்டர் தன் உள்வேலைக்காக ஒவ்வொரு நோடிலும் சிஎல்ஐயூஎஸ்ஆர் என்ற உள்ளூர்க் கணக்கை வைத்திருக்கிறது. அதன் பாஸ்வேர்டை அதுவே பார்த்துக்கொள்ளும், நாம் தொடக்கூடாது. புதிய விஎம் டொமைனில் வேறு ஓயூவில் (பொலிசிகள் பொருந்தும் உட்பிரிவில்) விழுந்து, இறுக்கமான பாதுகாப்புப் பொலிசி ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தால், "நெட்வேர்க் வழியாக இந்தக் கணினியை அணுக மறு" என்ற உரிமையில் எல்லா உள்ளூர்க் கணக்குகளும் சேர்ந்திருக்கக்கூடும். எல்லா உள்ளூர்க் கணக்குகளையும் குறிக்கும் எஸ்ஐடி (விண்டோஸின் அடையாள எண்) எஸ்-1-5-113. அங்கே இருக்கவேண்டியது எஸ்-1-5-114, அதாவது அட்மின் குழுவில் உள்ள உள்ளூர்க் கணக்குகள் மட்டும். சிஎல்ஐயூஎஸ்ஆர் அட்மின் குழுவில் இல்லாததால் 114 அதைத் தொடாது. பொருந்திய பொலிசிகளைக் காட்டும் ஜிபிரிசல்ட் அறிக்கையைப் பழைய நோடிலும் புதிய நோடிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் படும். பழைய நோடுகள் இருக்கும் ஓயூவுக்குப் புதியதை நகர்த்தி ரீஸ்டார்ட் செய்வது சுலபமான தீர்வு. மணிக்கூட்டையும் ஒருமுறை பாருங்கள். டொமைன் கன்ட்ரோலரோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாது.

நகலெடுத்த விஎம் பற்றி என் கருத்து கடுமையானது. இரண்டாம் நோடின் டிஸ்க்கை ஸ்னாப்ஷொட் எடுத்து, அதிலிருந்து மூன்றாவதை எழுப்பி, பெயரை மாற்றி டொமைனில் சேர்த்தீர்களா? சிஸ்பிரெப் (தனி அடையாளங்களை அழிக்கும் கருவி) ஓட்டாமல் அப்படி எழுப்பியிருந்தால், கிளஸ்டரின் மெய்நிகர் கார்டுடைய மெக் முகவரியும் கூடவே நகலாகிவிடும். கெட்-நெட்அடாப்டர் கட்டளையை மறைந்த கார்டுகளையும் காட்டும்படி ஓட்டி, மைக்ரோசொஃப்ட் ஃபெய்லோவர் கிளஸ்டர் வேர்ச்சுவல் அடாப்டரின் முகவரியை மூன்று நோடுகளிலும் ஒப்பிடுங்கள். இரண்டு ஒன்றாக இருந்தால் வசதியைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி நிறுவினால் புதிய முகவரி வரும் என்பது உண்மைதான். ஆனால் எஸ்ஐடி, பழைய கிளஸ்டர் ரெஜிஸ்ட்ரி, எஸ்கியூஎல்லின் உள்பெயர் என்று எங்கெங்கே பழையது ஒட்டியிருக்கிறது என்று தேடித் தீராது. அந்த விஎம்மை அழித்துவிட்டுச் சுத்தமான இமேஜிலிருந்து புதிதாக எழுப்புங்கள்.

விசார்ட் அந்தக் காத்திருப்பு வரிக்கு வருமுன்னரே விழுகிறவர்களுக்கும் கொஞ்சம். "கிளஸ்டர் பெயரை அடைய முடியவில்லை" என்று வந்தால், பெரும்பாலும் அது சேர்வர் 2016 கிளஸ்டர். அஷூரில் கிளஸ்டரின் ஐபி, அதை அப்போது வைத்திருக்கும் நோடிலிருந்து மட்டுமே எட்டும். ஆட்-கிளஸ்டர்நோட் கட்டளையை அந்த நோடிலேயே ஓட்டுங்கள், அல்லது கிளஸ்டர் என்ற இடத்தில் கிளஸ்டரின் பெயருக்குப் பதில் ஒரு நோடின் பெயரைக் கொடுங்கள். 2016இல் இன்னொரு வில்லங்கம், கிளஸ்டர் தனக்கு டிஹெச்சிபியில் ஐபி கேட்டு, ஏற்கெனவே ஒரு நோடுக்கு உள்ள அதே ஐபியை வாங்கிக்கொள்வது. யாருக்கும் கொடுக்காத ஓர் ஐபியை நிலையாக எழுதினால் தீரும். 2019 அஷூரை அடையாளம் கண்டு தனி ஐபி தேவைப்படாத டிஎன்என் முறையில் பெயரை அமைப்பதால் உங்களுக்கு இந்த இரண்டும் வராது. "நோட் ஏற்கெனவே ஒரு கிளஸ்டரில் இருக்கிறது" என்றால் மேலே சொன்ன கிளியர் கட்டளை. டொமைன் பெயரே கிடைக்கவில்லை என்றால் விநெட்டின் டிஎன்எஸ், அஷூரின் 168.63.129.16ஐயே காட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டும்.

ஷெயார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள், நோட் சேர்ந்தும் டிஸ்க் தெரியவில்லை என்றால், டிஸ்க்கின் மேக்ஸ்ஷெயார்ஸ் மதிப்பைப் பாருங்கள். இரண்டு நோடுக்காக 2 என்று வைத்தது மூன்றாவதுக்கு இடம் தராது. எல்லா நோடுகளிலிருந்தும் டிஸ்க்கைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது, ஆகவே நிறுத்த நேரம் ஒதுக்கித்தான் செய்ய வேண்டும். உங்களுடையது அவெய்லபிலிட்டி குரூப் என்பதால் டிஸ்க் பங்கு இல்லை. சேர்க்கும்போது நோ-ஸ்டோரேஜ் என்று கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதிய நோடின் டேட்டா டிஸ்க்கைக் கிளஸ்டர் தனக்கென எடுத்துக்கொள்ளப் பார்க்கும்.

எல்லாம் திருத்திய பிறகு டெஸ்ட்-கிளஸ்டரை மூன்று பெயர்களையும் கொடுத்து, நெட்வேர்க், சிஸ்டம் கொன்ஃபிகரேஷன், இன்வென்டரி பகுதிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். பிறகு சேர்க்கும் வேலையை உங்கள் மடிக்கணினியிலிருந்து செய்யாதீர்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது நம் பக்கத்தில் புதிதல்ல. மடிக்கணினியில் ஓடும் விசார்ட் விபிஎன்னோடு சேர்ந்து செத்துவிடும். பழைய நோட் ஒன்றுக்குள் ஆர்டிபியில் போய் அங்கே ஓட்டினால், உங்கள் இணைப்பு அறுந்தாலும் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும்.

நோட் சேர்ந்ததும் இரண்டு வேலை. வேறு சப்நெட் என்பதால் லிஸனருக்கு அந்தச் சப்நெட்டிலும் ஓர் ஐபி வேண்டும். துடிப்பு எல்லைகளையும் பாருங்கள்: ஒரே சப்நெட்டுக்கு ஒன்று, வேறு சப்நெட்டுக்கு ஒன்று என்று இரண்டு எல்லைகள் உண்டு. வேறு சப்நெட்டில் இயல்பாக 20 துடிப்புகள் தவறினால் நோட் போய்விட்டது என்று கிளஸ்டர் முடிவுகட்டும். கிளவுடில் விஎம் சில விநாடிகள் உறைவது சகஜம். இரண்டையும் 40ஆக உயர்த்தி, இடைவெளியை 1 விநாடியிலேயே விடுவதுதான் அஷூருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு.

கேள்வியின் கடைசியில், ஹட்டன் அலுவலகத்திலேயே நாலாவது நோட் ஒன்றை விபிஎன் வழியாகச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேரும், ஆனால் மின்சாரம் போகும் ஒவ்வொரு மாலையும் கிளஸ்டர் உறுப்பினர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும். சம்பளத் தரவின் ஒரு பிரதி கையருகில் இருந்தால் போதும் என்றால் லொக் ஷிப்பிங் (மாற்றப் பதிவுகளை அவ்வப்போது நகலெடுத்து ஏற்றுவது) போதுமானது, அதற்குக் கிளஸ்டர் உறுப்புரிமை தேவையில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அந்த நோடின் நோட்வெயிட்டை 0 ஆக்கி வாக்கில்லாமல் வையுங்கள், பிரதியை ஏசிங்க்ரோனஸ் முறையில் விடுங்கள். விபிஎன் ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட் சுமக்கும் தரவின் உச்ச அளவு) 1350க்குக் குறையுங்கள். டனலின் எம்டியூ (முழுப் பாக்கெட்டின் உச்ச அளவு) 1400 என்றால், துண்டாக்காதே என்று சொல்லி 1372 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்புக்குப் போகும். அது போய்வராவிட்டால் சிறிய பாக்கெட்டுகள் எல்லாம் சரியாகப் போய், சேரும்போது பெரியவை மட்டும் மாட்டி, மறுபடி அதே 1460இல் வந்து நிற்பீர்கள்.